தனிப் பிரயாணியும் தெருக்கடையும்

(எல்லயில் நடைபெற்ற எமது சங்கத்தின் ஆண்டு விழாவில், பல்கலைக்கழக மாணவராகிய அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



"நீ இந்தியாவுக்குத் தனியே போய் வந்தவன், அங்கே தரிசித்த தலங்களைப் பற்றி அரைமணி நேரம் பேசு" என்று செயலாளர் அண்ணன் எனக்குக் கட்டளையிட்டார். தலங்களைத் தரிசித்தது உண்மைதான். ஆனால் அவற்றின் பெருமையை என்னிலும் நன்கறிந்த பெரியோர்கள் இந்த மேடையில் பன்முறை எடுத்துரைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லாத விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் அங்கே மோசம் போன கதையே அது. தமது வெற்றியை மேடையில் சொல்ல ஆள் கிடைப்பது போல மோசம் போனதைச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. ஆதலால் அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கலாம் என்று எண்ணினேன். அண்ணன் மன்னிக்க வேண்டும்.

நமது ஊர் எப்படிப்பட்ட ஊர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் முதுகில் ஒரு மூட்டையோடு தனியே வந்து இறங்கும் ஊர் இது. நான் புத்தகப் பையோடு பாடசாலைக்கு நடந்த நாள் தொட்டு அவர்களைப் பார்த்து வந்திருக்கிறேன். அவர்கள் நமது கடைத்தெருவில் திசை தெரியாது நிற்பதையும், ஒரு வடைக்கும் பிளேன்டீக்கும் நோட்டுகளை விசிறி போல விரித்துக் காட்டி, வேண்டியதை எடுத்துக்கொள் என்று கடைக்காரரிடம் நீட்டுவதையும் கண்டு நாங்கள் சிரித்ததுண்டு. அப்படி நிற்பவருடைய மனம் எப்படியிருக்கும் என்று ஒரு நாளேனும் நினைத்துப் பார்த்ததில்லை. 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பதினொரு நாள் நானே அப்படி நின்றேன்.

யாழ்ப்பாணத்தில் படிக்கிறவனாதலால் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலிற் போனேன். 2023 ஒக்டோபரில் தொடங்கி, விரைவில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கிய சேவை அது. ஏறத்தாழ நான்கு மணி நேரத்துப் பிரயாணம். கரை மறைந்ததும் எனக்கு என் பாட்டியார் சொல்லும் கதை நினைவுக்கு வந்தது. அவருடைய பாட்டனார் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மண்டபம் முகாம் வழியாகத் தலைமன்னாரில் வந்திறங்கியவர். அவரை அழைத்து வந்த கங்காணி, இலங்கையிலே தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் அகப்படும் என்று சொன்னாராம். இந்தக் கதை நம் தோட்டங்களில் எந்த லயத்திற் கேட்டாலும் சொல்வார்கள். வந்த பின்னர்த்தான் வழிச்செலவு முழுவதும் தம் பேரிற் கடனாக எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. அந்தக் கடனுக்குத் 'துண்டு' என்ற சீட்டு ஒன்று இருந்தது; ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனாலும் கடன் கூடவே போகும். 1921 ஆம் ஆண்டில் அந்த முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அந்நிய நாட்டிலே மோசம் போவது என் குடும்பத்துக்குப் புதியதல்ல என்பதைச் சொல்லவே இதைச் சொன்னேன்.

நாகபட்டினத்தில் இறங்கியவுடன் என்னை முதலில் ஏமாற்றியது மனிதரல்ல, 'ரூபாய்' என்ற சொல். அங்கும் ரூபாய், இங்கும் ரூபாய். ஆனால் அக்காலத்தில் அவர்களுடைய ஒரு ரூபாய் நம்முடைய மூன்று ரூபாய் நாற்பது சதத்துக்குச் சமம். டொலர் என்றோ பவுண் என்றோ சொன்னால் மனம் உடனே விழித்துக்கொள்கிறது, பெருக்கிப் பார்க்கிறது. ரூபாய் என்று சொன்னால் தூங்கிவிடுகிறது. துறைமுகத்தருகே ஒருவர் முந்நூறு ரூபாய் கேட்டார். நம்மூரில் முந்நூறு ரூபாய்க்கு ஓட்டோக்காரர் திரும்பியும் பார்க்கமாட்டாரே என்று மகிழ்ந்து கொடுத்துவிட்டேன். ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறேன் என்பது பஸ் நிலையத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் பொருளியல் படிக்கிறவன் என்பதைச் சபையோர் தயவுசெய்து மறந்துவிட வேண்டும்.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கியபோது இரவு பத்து மணி கடந்துவிட்டது. கோயிலுக்கு அண்மையில் எழுநூறு ரூபாய்க்கு ஓர் அறையைத் தொலைபேசியில் முன்னரே பேசி வைத்திருந்தேன். ஓட்டோக்காரர் ஒருவர் என் பையை வாங்கி வண்டியில் வைத்துவிட்டு, "தம்பிக்கு எந்த ஊர்?" என்றார். "திருச்சிப் பக்கம்" என்று சொன்னேன். அது முழுப் பொய்யல்ல. நூறு வருடம் பழைய உண்மை. ஆனால் அடுத்த வாக்கியத்தில் "வழியில கதைச்சுக்கிட்டுப் போவோம்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "சிலோனா?" என்றார். ஒரு சொல்லிலே அகப்பட்டுக்கொண்டேன்.

வண்டி சிறிது தூரம் சென்றதும் அவர் வருத்தத்தோடு சொன்னார்: "அந்த லாட்ஜுல போன வாரம் போலீஸ் வந்து பூட்டிட்டாங்க தம்பி. ராத்திரி நேரத்துல வெளியூர்ப் பிள்ளை அலையக் கூடாது. நம்ம ஆளு ஒருத்தர் இடம் இருக்கு." நான் நம்பினேன். ஏன் நம்பினேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். புதுடில்லி இரயில் நிலையத்தருகே பொய்ச் சுற்றுலா அலுவலகங்கள் உண்டு; 'உன் டிக்கெட்டு இரத்தாகிவிட்டது' என்று சொல்லி அங்கே கூட்டிச் செல்வார்கள் என்று வாசித்திருந்தேன். பாங்கொக் நகரில், 'அரண்மனை இன்றைக்கு மூடியிருக்கிறது' என்று சொல்லி இரத்தினக் கடைக்குக் கொண்டுபோவார்கள் என்பதும் தெரியும். மூடிவிட்டது என்ற சொல்தான் உலகெங்கும் இந்தத் தொழிலின் மூல மந்திரம். இவ்வளவும் தெரிந்திருந்தும், என் காதில் அது தமிழிலே விழுந்தபோது அடையாளம் தெரியவில்லை. அவர் என்னைத் தம்பி என்று அழைத்தார். ஆங்கிலத்தில் வரும் பொய்யைக் காக்கப் பூட்டுப் போட்டிருந்தேன். தமிழ்க் கதவு திறந்தே கிடந்தது.

அந்த இரவுக்கு 1,800 ரூபாய் வாங்கினார்கள். மறுநாட் காலையில் இரண்டு தெரு நடந்தேன். நான் முன்பு பேசி வைத்திருந்த விடுதி வாசலில் கோலம் போட்டிருந்தது. உள்ளே இருந்த பெரியவர், "ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்தேனே தம்பி" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அன்று மாலை இரண்டாவது பாடம். கோயில் வீதியில் நின்று கோபுரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கோபுரங்கள் பதினான்கு. கீழே நின்றால் ஒரே பார்வையில் எல்லாம் அகப்படா. ஒருவர் வந்து, எங்கள் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்க்கலாம், காசு வேண்டாம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மாடிக்குப் போனேன், காட்சி கண்கொள்ளாதது, காசும் கேட்கவில்லை. ஆனால் இறங்கி வரும் படிக்கட்டு அவருடைய கைப்பணிக் கடைக்குள்ளே முடிந்தது. அங்கே முக்கால் மணி நேரம். தேநீர் கொடுத்தார்கள், சால்வை விரித்தார்கள், என் தாயாரின் சுகத்தை விசாரித்தார்கள். ஒன்றும் வாங்காமல் எழுந்து வருவது நன்றிகெட்ட செயலாகத் தோன்றும்படி செய்துவிட்டார்கள். கடைசியில் அம்மாவின் பூசைத் தட்டுக்கென்று ஒரு சிறிய சந்தனப் பிள்ளையார் வாங்கினேன். 900 ரூபாய். நம் காசில் மூவாயிரத்துக்கு மேல். அந்தப் பிள்ளையார் இரண்டு நாள் மணந்தார். மூன்றாம் நாள் சாதாரண மரமாகிவிட்டார். இப்போதும் எங்கள் வீட்டில் சுவாமிப் படத்தடியில் இருக்கிறார். பிள்ளையார் மேல் குற்றமில்லையே என்று அம்மா அவருக்கும் பூ வைக்கிறார்.

அன்றிரவு அறையில் படுத்திருந்தபோது, இதே மதுரையில் எனக்கு முன்னே ஒருவன் இப்படி அகப்பட்டான் என்ற நினைவு வந்தது. கோவலன் கண்ணகியை மாதரியின் இல்லத்தில் விட்டுவிட்டு, சிலம்பை எடுத்துக்கொண்டு தன்னந்தனியே கடைவீதிக்குப் போனான். அங்கே பொற்கொல்லன் எதிர்ப்பட்டான். அவனும் முகங்கடுத்துப் பேசவில்லை, வணக்கமாகத்தான் பேசினான். ஊர் தெரியாதவன், விலை தெரியாதவன், துணையில்லாதவன் என்ற மூன்றும் ஒருவனிடத்தில் ஒன்றாகக் கூடினால் அவன் முகத்திலே அது எழுதியிருக்கும் போலும். என் நஷ்டம் சில ஆயிரத்தோடு போயிற்று.

ஆனால் சபையோரே, மதுரையில் என் மனத்தை மிகவும் வருத்திய சம்பவம் இவை இரண்டுமல்ல. நான் தங்கிய விடுதிக்குப் பின்புறச் சந்தியிலே, இரவு ஏழு மணிக்கு மேல் ஓர் அம்மாள் அடுப்பு மூட்டி இட்லி அவித்து விற்பார். மதுரையில் இரவுக்கடை நேற்று வந்த வழக்கமல்ல. மதுரைக்காஞ்சியிலேயே பகற்கடைக்கு நாளங்காடி, இரவுக்கடைக்கு அல்லங்காடி என்று பெயர்கள் வருகின்றன. துணி போட்ட தட்டிலிருந்து ஆவி பறக்க இட்லியை எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்து, ஒருபுறம் சாம்பாரும், மறுபுறம் தேங்காய்ச் சட்னியும் காரச் சட்னியும் ஊற்றினார். நம் வீட்டில் இட்லி நாள் கிழமைக்கு. அங்கே கூலிவேலை முடித்தவர் தினமும் நின்றபடியே எட்டுப் பத்துத் தின்றுவிட்டுப் போகிறார். மிருதுவாக இருந்தது, வாய்க்குள் போனதும் தெரியவில்லை.

நானோ காலையிலிருந்து இரண்டு முறை அடிபட்டவன். ஒன்று தின்றதும் "எவ்வளவு?" என்றேன். "இட்லி பத்து ரூபா தம்பி" என்றார். "சட்னிக்கு?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "சாம்பாருக்கு? இலைக்கு?" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் தின்பதை நிறுத்திவிட்டார்கள். "சட்னிக்கு யாராவது காசு வாங்குவாங்களாப்பா?" என்று அந்த அம்மாள் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திராது. நான் பசியோடு இருந்தும், மூன்று இட்லியோடு முப்பது ரூபாயை எண்ணி வைத்துவிட்டு வந்துவிட்டேன். என்னை ஏமாற்றியவர்கள் இருவர். அதற்குரிய தண்டனையை நான் கொடுத்தது மூன்றாமவருக்கு. மறுநாளிரவு வெட்கத்தோடு மீண்டும் போனேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஆறு இட்லி வைத்தார். புறப்படும்போது, நடந்ததையெல்லாம் சொன்னேன். "எங்க ஊர்ப் பேரைக் கெடுக்கிறதுக்குன்னே நாலு பேர் இருக்காங்க" என்று சொல்லி, இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினார்.

தெருவுணவைப் பற்றி இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். ஆதலால் ஒரு வார்த்தை. பதினொரு நாளில் எனக்கு வயிறு கெட்டது ஒரே ஒரு முறை. அது தெருக்கடை இட்லியாலோ, பருத்திப்பாலாலோ அல்ல. பருத்திப்பால் என்பது பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது, கொதிக்கக் கொதிக்கத் தருகிறார்கள், ஒரு தீங்குமில்லை. வெயிலில் நறுக்கித் தட்டில் பரப்பி வைத்திருந்த தர்ப்பூசணிப் பழந்தான் என்னைப் படுக்க வைத்தது. கண்ணெதிரே வேகிற பண்டம், அந்த ஊர்க்காரர் கூட்டமாய் நின்று வாங்குகிற கடை, இந்த இரண்டையும் பார்த்து உண்டவனுக்குப் பெரும்பாலும் பயமில்லை. ஜிகர்தண்டா குடித்தேனா என்று என் தங்கை கேட்கச் சொன்னாள். குடித்தேன், இரண்டு குடித்தேன்.

கடைசியாக மாமல்லபுரம். சிற்பங்களைப் பற்றிப் பேசினால் அக்கிராசனர் மணியடித்துவிடுவார். நுழைவாயிலைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன். அங்கே ஒருவர் என்னை மறித்து, "வெளிநாட்டுக்காரருக்கு அறுநூறு ரூபாய்; முந்நூறு கொடு, நான் உள்ளே விடுகிறேன்" என்றார். நான் வெளிநாட்டவன் என்பதை என் வாயிலிருந்தே அவர் அறிந்துகொண்டார். முந்நூறை எடுக்கப் பைக்குள் கையும் விட்டுவிட்டேன். அப்போதுதான் அவருடைய தோளுக்கு மேலே ஒரு பலகை தெரிந்தது. இந்தியருக்கும் சார்க் நாட்டவருக்கும் 40 ரூபாய், மற்றையோருக்கு 600 ரூபாய் என்று அதிலே எழுதியிருந்தது. இலங்கை சார்க் நாடு. கடவுச்சீட்டைக் காட்டினேன், நாற்பது ரூபாய் கொடுத்தேன், உள்ளே போனேன். இந்தப் பிரயாணத்தில் நான் ஏமாறாமல் தப்பிய ஒரே இடம் அது. தப்பியது என் சாமர்த்தியத்தாலல்ல, அங்கே ஒரு பலகை இருந்ததால்.

இதுவரை சொன்னது பிறர் செய்தது. இனிச் சொல்லப் போவது நான் செய்தது. அம்மாவிடம் முன்னரே சொல்லிவிட்டேன். உங்களிடம் இப்போது சொல்லுகிறேன்.

2023 ஆம் ஆண்டு, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலத்தில், ஒன்பது வளைவுப் பாலத்துக்கு இறங்கும் பாதையிலே மாமாவின் தட்டிக்கடையைப் பார்த்துக்கொண்டேன். 1919 ஆம் ஆண்டின் ஈஸ்டர் குண்டுவெடிப்பு என்று ஒருமுறை வாய் தவறிப் பரீட்சையில் எழுதி வைத்தவன் நான். சரியான வருடம் 2019 என்பது அந்தக் கடைக்கு நன்றாகத் தெரியும். அந்த வருடம் வெறிச்சோடிய பாதை, பிறகு கொரோனாவில் அடைபட்டு, 2022 நெருக்கடியில் மறுபடி வெறிச்சோடி, அப்போதுதான் மீண்டும் ஆள் வரத் தொடங்கியிருந்தது. ஒரு மத்தியானம் ஒரு பெண் தனியே வந்தாள். என் வயதுதான் இருக்கும். வெயிலில் முகம் சிவந்திருந்தது. ஒரு தம்பிலி கேட்டாள். கடைத்தெருவில் அதன் விலை அப்போது 120 ரூபாய். நான் 600 ரூபாய் என்றேன். அவள் பேரம் பேசவில்லை. எண்ணிக் கொடுத்தாள், குடித்தாள், நன்றி சொன்னாள். "நீ நல்ல ஆங்கிலம் பேசுகிறாய், எங்கே படித்தாய்?" என்று கேட்டாள்.

நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். எனக்கு ஆங்கிலம் புகட்டிய ஆசிரியர், பொய்த் தராசும் களவே என்று வகுப்பிலே பலமுறை விளக்கியவர். அவர் ஆறு வருடம் உழைத்துக் கொடுத்த பாஷையை வைத்து நான் சம்பாதித்த முதற்காசு அந்த 480 ரூபாய் அநியாயம். அன்று மாலை அதில் ஐம்பது ரூபாயை நமது பிள்ளையார் கோயில் உண்டியலில் போட்டேன். மணக்காத சந்தனப் பிள்ளையார் வீட்டுக்கு வந்தபோது, "கணக்குச் சரியாப் போச்சு" என்று அம்மா சொன்னதன் காரணம் உங்களுக்கு இப்போது விளங்கும்.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. அக்காலத்தில் அம்மாவுக்குத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய். காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறி, அட்டைக்கடி பட்டு, நிறுவைக்கு நின்று வாங்குவது ஆயிரம். நான் நிழலில் உட்கார்ந்து ஒரு தம்பிலியைச் சீவி வாங்குவது அறுநூறு. இந்தக் கணக்கைப் பார்த்த எந்தப் பிள்ளையும் நாணயத்தைப் பற்றிப் பேச மாட்டான். இங்கே முன்வரிசையில் இருக்கும் ஓட்டோச் சகோதரர்கள் என்னைப் பார்த்துப் புன்னகை செய்வதன் பொருள் எனக்குத் தெரியும். பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்ன நியாயமும் உண்டு: "வெள்ளைக்காரன் நூறு வருஷம் நம் இரத்தத்தை உறிஞ்சினான், நீ அறுநூறு வாங்கினால் என்ன?" ஐயா, நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்தப் பெண்ணிடம் ஊரைக் கேட்டேன். போலந்து என்றாள். போலந்து அரசாங்கம் ஊவாவிலே ஒரு தேயிலைச் செடியும் நட்டதில்லை.

அரசாங்கமே சிகிரியாவில் வெளிநாட்டவருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை வைத்திருக்கிறதே என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் அங்கே அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வருகிறவர் வாசித்துவிட்டு, வேண்டுமானால் உள்ளே போகிறார், வேண்டாமானால் திரும்புகிறார். மாமல்லபுரத்தில் 600 ரூபாய் கொடுத்த வெள்ளைக்காரர்கள் ஒருவரும் ஏமாந்தவர் போல முகம் சுளிக்கவில்லை. கங்காணி என் பாட்டியின் பாட்டனாரிடம் கடற்கரையிலேயே கடன் தொகையைச் சொல்லியிருந்தால் அவர் வந்திருக்கவும் கூடும், அவ்வூரிலும் பஞ்சந்தான். சொல்லாமல் விட்டதுதான் சூது. நான் அந்தப் பெண்ணிடம் விலையைச் சொன்னேனே என்று வாதாடலாம். முகத்தைப் பார்த்துக் கணித்த தொகையைச் சொன்னேன், தம்பிலியின் விலையைச் சொல்லவில்லை.

2024 ஏப்ரலில் கொழும்புப் புதுக்கடையிலே ஒரு கொத்து ரொட்டிக்கு 1,900 ரூபாய் சொல்லி, ஏனென்று கேட்ட வெளிநாட்டவரை வியாபாரி ஒருவர் மிரட்டிய காட்சியை நீங்கள் எல்லோரும் கைத்தொலைபேசியில் பார்த்தீர்கள். பொலிசார் அவரைக் கைது செய்தார்கள். ஆனால் அதே தெருவில் சரியான விலைக்குக் கொத்து அடித்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களும் மதுரை இட்லிக்கார அம்மாளும் ஒரு சாதி. அக்கர்லொப் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பழைய மோட்டார் வண்டிச் சந்தையை உதாரணமாக வைத்து 1970 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். 2001 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாவிட்டால், எல்லா வண்டிக்கும் அவன் குறைந்த விலையே சொல்வான். நல்ல வண்டிக்காரன் கட்டாதென்று சந்தையை விட்டே போய்விடுவான். கடைசியில் கெட்டதே மிஞ்சும். எங்கள் விரிவுரையில் இதைப் படித்தபோது எனக்கு வண்டி ஞாபகம் வரவில்லை. நமது பாலத்துப் பாதை ஞாபகம் வந்தது.

கடையில் விலையை எல்லோரும் காண எழுதி வைக்க வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டமே சொல்லுகிறது. அதற்கும் முன்னே, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை பாடிய புலவர், வாங்கும்போது மிகுதியாய் வாங்காதவர்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடாதவர்கள் என்று சிறப்பித்தார். நான் இறங்கிய கரைக்கு அந்தப் பட்டினம் அதிக தூரமில்லை.

ஊருக்குத் திரும்பியதும், ஏப்ரல் விடுமுறையில் மாமாவின் கடைக்கு ஓர் அட்டை எழுதினேன். தம்பிலி, பிளேன்டீ, பால்தேநீர், தேங்காய் ரொட்டி, வடை. தமிழ், சிங்களம், ஆங்கிலம். யார் வந்தாலும் ஒரே விலை. மாமா அட்டையை நெடுநேரம் பார்த்தார். "விலையை எழுதிப்புட்டா, ஆளைப் பாத்து எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். "அதற்காகத்தான் மாமா எழுதினேன்" என்றேன். அரை நாள் என்னோடு பேசவில்லை. பக்கத்துக் கடைக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. முதல் வாரம் பெட்டியிலே சல்லி குறைந்தது உண்மை, அதை மறைக்கமாட்டேன். இரண்டாவது வாரம் வடை கூடுதலாகப் போயிற்று. அதற்கு அட்டை காரணமா, பள்ளி விடுமுறைக்கு வந்த நம்நாட்டுக் கூட்டம் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஓட்டோ நிறுத்தத்துச் சகோதரர்களிடமும் ஒரு பலகை வைக்கச் சொன்னேன். பெற்றோல் விலை ஒரு நிலையில் நில்லாதபோது பலகையில் எதை எழுதுவது என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் அவர்களுள் ஒருவரையே பேச விடும்படி செயலாளர் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் நம்மூர் மழை அந்த அட்டையைக் கரைத்துவிட்டதாம். அத்தோடு அது முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த விடுமுறைக்கு வந்து பாதையில் இறங்கியபோது, கடை முகப்பில் ஒரு பலகை ஆணியடித்திருந்தது. சுண்ணாம்பால் எழுதியிருந்தது, எழுத்து மாமாவின் எழுத்து. தமிழும் சிங்களமும் சரியாயிருந்தன. ஆங்கிலத்தில் ரொட்டி என்ற சொல்லில் ஓர் எழுத்து தலைகீழாய் நின்றது. ரொட்டிக்குப் பத்து ரூபாய் கூட்டியிருந்தார். தேங்காய் விலை ஏறிவிட்டது என்றார்.